வின்செஸ்டர் மாடல் 12: ஒரு பழைய பம்ப் ஷாட்கன் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டில் 1938ஆம் ஆண்டு செய்யப்பட்ட வின்செஸ்டர் மாடல் 12 ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பண்ணை வைத்திருந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய துப்பாக்கி அது. அவர் மறைந்தபின் அவருடைய குடும்பத்தார் அதை விற்பனைக்குக் கொடுத்தபோது நான் வாங்கினேன். அதைப் பார்க்க வரும் தமிழ் நண்பர்களும், ஊரிலிருந்து வந்து தங்கிச் செல்லும் உறவினர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லி வரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பம்ப் ஷாட்கன் என்றால் என்ன? அது ரைஃபிளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ரைஃபிள் ஒரே ஒரு குண்டைத் தொலைவுக்குச் செலுத்துவது. ஷாட்கன் தோட்டாவிலோ, பெரிய கடுகு அளவுள்ள நூற்றுக்கணக்கான ஈயக் குண்டுகள் நிரப்பப்பட்டிருக்கும். சுட்டதும் அவை கூட்டமாகப் புறப்பட்டு, போகப்போக விரிந்து செல்லும். பறக்கும் பறவையையோ பறக்கவிடப்பட்ட தட்டையோ அடிப்பதற்கென்றே உருவான ஆயுதம் இது. குழலின் உட்புறம் ரைஃபிளைப் போல் புரிபோட்டதாக இல்லாமல் வழவழப்பாக இருக்கும்.

நம் ஊரில் '12 போர்' என்று சொல்வதைத்தான் அமெரிக்காவில் '12 கேஜ்' என்கிறார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு விட்டம் இருக்குமோ, அதுவே 12 கேஜ் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். ஆகவே எண் கூடக்கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போகும்.

குழலுக்குக் கீழே, தோட்டாக்களை வரிசையாக நிரப்பி வைக்கும் மேகசின் ஒன்று குழாய் வடிவில் உண்டு. அதைச் சுற்றியிருக்கும் மரப்பிடியை இடக்கையால் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறி, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். கைப்பம்பை அடிப்பது போன்ற இந்த அசைவினால்தான் 'பம்ப்' என்ற பெயர் வந்தது.

மாடல் 12 எப்படி உருவானது?

விற்பனைக்கு வந்த முதல் பம்ப் ஷாட்கன் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் 1880களில் செய்தது. அந்த வகையை நாடெங்கும் கொண்டு சேர்த்தவர் ஜான் பிரவுனிங். அவருடைய வடிவமைப்பில் வின்செஸ்டர் நிறுவனம் 1893இல் ஒரு துப்பாக்கியையும், அதைச் செம்மைப்படுத்தி 1897இல் இன்னொன்றையும் வெளியிட்டது. தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல் மாடல் 1897இல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை பம்ப் செய்யும்போதும் அது கண்ணெதிரே பின்னுக்குச் சாய்வதைப் பார்க்கலாம்.

பின்னர், தானியங்கி ஷாட்கன்னுக்கான உரிமைத்தொகை குறித்து எழுந்த கருத்து வேறுபாட்டில் பிரவுனிங் வின்செஸ்டரைவிட்டு விலகினார். அந்த நிறுவனத்தின் சொந்த வடிவமைப்பாளரான தாமஸ் கிராஸ்லி ஜான்சன், 1897இன் அடிப்படையை எடுத்துக்கொண்டு, சுத்தியலை உள்ளே மறைத்து, இயங்கும் பாகங்களைத் தாங்கும் நடு உடலான ரிசீவரை முழுவதும் மூடி, 1912இல் புதிய துப்பாக்கியைக் கொண்டுவந்தார். முதலில் 20 கேஜில் மட்டும் வெளிவந்தது. 12, 16 கேஜ்கள் அடுத்துத் தொடர்ந்தன. 28 கேஜ் 1934இல் வந்தது. மாடல் 1912 என்றிருந்த பெயர் 1919இல் மாடல் 12 என்று சுருங்கியது. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் தொழிற்சாலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவிடாமல் செய்யப்பட்டு, ஏறத்தாழ இருபது லட்சம் துப்பாக்கிகள் வெளிவந்தபின், 1960களின் நடுவே வழக்கமான உற்பத்தி நின்றது.

அவ்வளவு நல்ல துப்பாக்கியை ஏன் நிறுத்தினார்கள்?

அதன் தரமே காரணம் என்று சொல்லலாம். மாடல் 12இன் ரிசீவர் உருக்கி வார்த்ததோ தகட்டை அழுத்தி மடித்ததோ அன்று. அடித்து உருவாக்கிய எஃகுக் கட்டியிலிருந்து, வேண்டாத பகுதிகளை இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்து நீக்கிச் செய்தது. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வரை கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளர்கள் அவற்றை அரத்தால் இழைத்தார்கள். போருக்குப்பின் கூலி உயர்ந்தபோது அந்த வேலைமுறை கட்டுப்படியாகவில்லை. 1950இல் ரெமிங்டன் நிறுவனம் எளிதில் செய்யக்கூடிய பாகங்களைக் கொண்டு மாடல் 870ஐக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. அது இதுவரை ஒரு கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. வின்செஸ்டரும் அலுமினிய ரிசீவர் கொண்ட மாடல் 1200க்கு மாறியது. 1970களில் மாடல் 12 சில ஆண்டுகள் மீண்டும் வெளிவந்தது. பிறகு ஜப்பானின் மிரோகு ஆலை, பிரவுனிங் பெயரில் 20, 28 கேஜ்களில் அதன் மறுபதிப்பைச் செய்தது. அவை நல்ல துப்பாக்கிகளே. ஆனால் நியூ ஹேவனில் செய்த பழைய மாடல் 12ஐக் கையில் எடுத்தவருக்கு வேறுபாடு விரலிலேயே தெரியும்.

விரலில் என்ன தெரியும்?

முன்பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். மலிவான பம்ப் துப்பாக்கியில் பிடி பக்கவாட்டில் ஆடும். தகடு தகட்டில் உரசும் ஒலி கேட்கும். எண்பது ஆண்டுகளைக் கடந்த என் மாடல் 12இல், எண்ணெய் தடவிய எஃகு எஃகின் மேல் வழுக்கும் ஒரே சீரான ஓட்டம்தான் இருக்கும். பழைய தச்சர் செய்த தேக்கு மேசையின் இழுப்பறையைத் திறந்து மூடியவர்களுக்கு நான் சொல்வது புரியும்: கடைசி அங்குலத்தில் காற்று சற்றே தடுக்கும், பிறகு அறை தானாகப் பொருந்தி அமரும். அதே உணர்வுதான்.

என் துப்பாக்கியின் ரிசீவர் அடிப்பாகத்தில், எடை சரிபாதியாக அமையும் இடத்தில், கருநீலப் பூச்சு முழுவதும் தேய்ந்து எஃகு வெள்ளியாக மின்னுகிறது. முதல் உரிமையாளர் வயல் வழியே நடக்கும்போது ஒரு கையால் அந்த இடத்தைப் பிடித்தபடி நடந்திருக்கிறார். நான் எடுத்தாலும் என் விரல்கள் அதே இடத்தில்தான் அமர்கின்றன. அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய கை எவ்வளவு பெரியது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சுடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

தோட்டாவை அடைக்கும் போல்ட்டின் பின்முனை, பிடியை முன்னே தள்ளும்போது மேலெழுந்து, ரிசீவரின் மேற்கூரையில் வெட்டப்பட்ட பள்ளத்தில் போய் ஊன்றிக்கொள்ளும். சுடும் அழுத்தம் முழுவதையும் அந்தப் பூட்டு தாங்குகிறது. பூட்டியபின் பிடியை எவ்வளவு இழுத்தாலும் வராது. சுட வேண்டும், அல்லது சுடும் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் இடப்புறத்தில் உள்ள சிறு நெம்பை அழுத்த வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காலித் துப்பாக்கியில் விசையை இழுத்துவிட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுக்க முயலும் புதியவர்கள், ஏதோ பழுது என்று நினைத்துத் துப்பாக்கியை என்னிடம் திருப்பித் தருவார்கள். பழுது எதுவும் இல்லை. பிடியை ஓர் இம்மியளவு முன்னே தள்ளினால்தான் பூட்டு விடும். உண்மையான தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி தோளை நோக்கிப் பின்னே உதைக்கிறது. கையில் இருக்கும் பிடியோ அந்தக் கணத்தில் முன்னே நகர்வதற்கு ஒப்பாகிறது. அந்த உதையே பூட்டை விடுவிக்கிறது. மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளும் தோட்டாவை அவசரப்பட்டு வெளியே இழுத்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. 1912இல் அப்படி ஒன்றை எண்ணிப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இதைச் சுடுவதில் அப்படி என்ன மகிழ்ச்சி?

இந்தக் கேள்விக்கு ஸ்கீட் களத்தில் நின்றுதான் விடை சொல்ல வேண்டும். ஸ்கீட் என்பது மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில், சார்லஸ் டேவிஸ் என்ற வேட்டைக்காரர் 1920 வாக்கில் பயிற்சிக்காக உருவாக்கிய விளையாட்டு. அரைவட்டத்தின் இரு முனைகளிலும் உயரமான வீடு ஒன்றும் தாழ்வான வீடு ஒன்றும் உண்டு. இரண்டிலிருந்தும் உள்ளங்கை அகலமுள்ள தட்டுகள் பறந்து வரும். எட்டு நிலைகளில் நின்று இருபத்தைந்து தட்டுகளைச் சுட வேண்டும். 1, 2, 6, 7ஆம் நிலைகளில் தனித்தனித் தட்டுகளுக்குப்பின் இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் புறப்படும்.

இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர் விசையை இரண்டு முறை இழுத்தால் போதும். தானியங்கி வைத்திருப்பவருக்கும் அப்படியே. பம்ப் வைத்திருப்பவர் மட்டும் நடுவே ஒரு வேலை செய்தாக வேண்டும். முதல் நிலையில் நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'புல்' (ஆங்கிலத்தில் 'இழு') என்று குரல் கொடுத்ததும் தலைக்கு மேலிருந்து ஒரு தட்டு என்னைவிட்டு விலகிப் பாய்கிறது; எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று என்னை நோக்கி வருகிறது. முதலாவதைச் சுடுகிறேன். உதை தோளில் இறங்கும் அதே கணத்தில் இடக்கை பின்னே வருகிறது, வெற்றுக்கூடு வலப்பக்கம் தெறிக்கிறது, கை முன்னே போகும்போதே கண் இரண்டாவது தட்டைத் தேடிப் பிடித்துவிடுகிறது. கன்னம், தோளில் ஊன்றியிருக்கும் மரக்கட்டையைவிட்டு எழவில்லை. பூட்டு விழும் 'சடக்' ஒலியும் அடுத்த வெடியும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கின்றன. இரண்டு தட்டுகளும் கரும்புகையாகச் சிதறினால், அந்த இரண்டாவது தட்டு என் கையால் உடைந்தது என்ற உணர்வு வருகிறது. துப்பாக்கி பாதி வேலையையும் நான் பாதி வேலையையும் செய்திருக்கிறோம்.

இது முதல் நாளே வருவதில்லை. என் முதல் கோடை முழுவதும் இரண்டாவது தட்டு முழுதாகத் தரையில் விழுந்தது. பிடியை முழுத் தொலைவும் இழுக்காமல் பாதியிலேயே முன்னே தள்ளினேன். கூடு வெளியேறாமல் சிக்கியது. களத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் என் கையைப் பிடித்து, "இதை உடைத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள், சுவரில் மோதும் வரை இழுங்கள்" என்றார். மெதுவாகவும் மென்மையாகவும் இயக்குவது இந்தத் துப்பாக்கிக்கு மரியாதை அன்று. முழு வீச்சில், தயக்கமில்லாமல் இயக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த அசைவு மிருதங்கக்காரரின் இடக்கையைப் போலத் தானாக நடக்கத் தொடங்கியபோது, கணக்கு வைத்துச் சுடுவதை மறந்து தாளத்தில் சுடத் தொடங்கினேன்.

ட்ராப் விளையாட்டுக்கும் இது ஏற்றதா?

மிகவும் ஏற்றது. ட்ராப் என்பது சுடுபவருக்கு முன்னால் 16 கஜத் தொலைவில் உள்ள பதுங்குகுழியிலிருந்து விலகிப் பறக்கும் தட்டுகளைச் சுடுவது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்றதும் ட்ராப் போட்டியில்தான். ஒலிம்பிக் விதிகளும் தட்டின் வேகமும் வேறு, அடிப்படை ஒன்று. அமெரிக்க ட்ராப்பின் ஒற்றைத் தட்டுப் போட்டியில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே தோட்டாதான் போடப்படும் என்பதால் பம்பின் வேகத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் 30 அங்குலக் குழலின் முன்கனம் வீச்சைச் சீராக வைத்திருக்கும். ஒஹாயோவின் வண்டேலியாவில் பல பத்தாண்டுகள் நடந்த கிராண்ட் அமெரிக்கன் போட்டியில் மாடல் 12 ட்ராப் துப்பாக்கிகள் வரிசை வரிசையாக நின்ற காலம் உண்டு.

எந்தக் கேஜ் வாங்கலாம்?

முதல் துப்பாக்கி என்றால் 12 கேஜ். தோட்டா எங்கும் கிடைக்கும், பாகங்களும் கிடைக்கும். எடை 3.3 கிலோ அளவில் இருப்பதால் உதை தாங்கக்கூடியது.

என் சொந்த விருப்பம் 16 கேஜ். மாடல் 12இல் 16 கேஜ் துப்பாக்கி 20 கேஜுக்கான சிறிய சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. ஆகவே ஏறத்தாழ மூன்று கிலோதான் இருக்கும். நாள் முழுதும் தூக்கி நடந்தாலும் கை சோர்வதில்லை. தோட்டா எல்லாக் கடைகளிலும் இருக்காது என்பதால் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். 20 கேஜ் மிகவும் நளினமானது, விலையும் அதற்கேற்ப இருக்கும். 28 கேஜ் சேகரிப்பாளர்களின் உலகம். அதைச் சுடுவதற்காக வாங்குங்கள் என்று நான் எவருக்கும் சொல்வதில்லை. மாடல் 12இன் தம்பியான மாடல் 42, .410 தோட்டாவுக்காக 1933இல் வந்தது. அதுவும் இன்று விலை ஏறிய பொருள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் எண்கள். ரிசீவரின் அடியிலும், அதை ஒட்டிக் குழல் தொகுதியின் அடியிலும் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தக் குழலும் அந்த ரிசீவரும் ஒன்றாகவே தொழிற்சாலையைவிட்டு வந்தவை. வேறுபட்டால் யாரோ குழலை மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய குழல் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று தேர்ந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் பார்த்துச் சொல்லும் வரை அதில் சுடக் கூடாது.

அடுத்து குழலின் முனை. குழல் முனையில் உள்ள குறுக்கத்தைச் சோக் என்பார்கள். ஈயக்கூட்டம் எவ்வளவு விரியும் என்பதை அது தீர்மானிக்கிறது. ஃபுல் சோக் என்றால் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஏறத்தாழ 70 விழுக்காடு குண்டுகள் விழும். குழலின் மேல் ஃபுல் என்று பொறித்திருந்தும் முனை அகன்று இருந்தால், குழல் வெட்டப்பட்டதாகவோ துளை அகற்றப்பட்டதாகவோ இருக்கலாம். முனையில் பாலி-சோக் என்னும் குமிழ் போன்ற கருவி பொருத்திய துப்பாக்கிகள் சேகரிப்பாளருக்கு உதவாது. சுடுவதற்கு மட்டும் வேண்டும் என்றால் அவைதான் குறைந்த விலையில் கிடைக்கும் நல்ல வாய்ப்பு.

பிறகு குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். ஒளிவட்டங்கள் ஒழுங்காக இல்லாமல் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே ஒடுக்கு அல்லது வீக்கம் இருக்கிறது. வீங்கிய குழலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். மரக்கட்டை ரிசீவரோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

இன்றைய தோட்டாக்களைப் போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

12 கேஜ் மாடல் 12 பெரும்பாலும் 2¾ அங்குலத் தோட்டாவுக்கு உரியது. ஆனால் தொடக்க கால 20 கேஜ் துப்பாக்கிகளின் அறை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம், 2½ அங்குலமே. 16 கேஜ் துப்பாக்கிகளில் 1920கள் வரை செய்தவற்றின் அறை 2 9/16 அங்குலம். தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் அச்சிடுவது, சுட்டபின் அதன் மடிந்த வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். ஆகவே சுடாத 2¾ அங்குலத் தோட்டா குறுகிய அறைக்குள்ளும் தாராளமாக நுழையும், கதவும் மூடும். சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல், அறைக்கு முன்னால் குழல் குறுகும் இடத்தில் முட்டி, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். 'நுழைகிறதே, பொருந்தும்' என்ற எண்ணம் இங்கே பொய்த்துவிடும். பழைய 16, 20 கேஜ் எதுவானாலும் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அறையை அளந்துவிட்டுச் சுடுங்கள்.

இரண்டாவது, எஃகுக் குண்டுகள். ஈயம் மென்மையானது, குறுக்கத்தில் நசுங்கிக் கடந்துவிடும், எஃகு நசுங்காது. பழைய ஃபுல் சோக் குழலில் எஃகுத் தோட்டாக்களைச் சுட்டால் முனை வீங்கிப் பாழாகக்கூடும். அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்கு நாடு முழுதும் தடை இருப்பதால், வாத்து வேட்டைக்குப் போகும் பழைய துப்பாக்கிக்காரர்கள் மென்மையான பிஸ்மத் குண்டுகளை நாடுகிறார்கள். விலை அதிகம், குழலின் விலையோடு ஒப்பிட்டால் அதிகமில்லை.

விசையை அழுத்தியபடியே பம்ப் செய்தால் சுடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இன்றைய பம்ப் துப்பாக்கிகளில் ஒவ்வொரு முறையும் விரலை எடுத்து மீண்டும் அழுத்தினால்தான் சுடும்படி ஒரு தடுப்பு உண்டு. மாடல் 12இலும் 1897இலும் அது இல்லை. விரல் விசையை அழுத்தியபடி இருக்கப் பிடியை முன்னே தள்ளினால், பூட்டு விழுந்த அந்தக் கணமே வெடிக்கும். இதை வேடிக்கையாகச் செய்து காட்டுபவர்களைக் கண்டால் நான் விலகி நிற்பேன். இலக்கைப் பார்த்து முடிவு செய்யாமல் வெடிக்கும் வெடி எதுவும் விளையாட்டு அன்று. வேறு துப்பாக்கியில் பழகியவர் மாடல் 12க்கு மாறும்போது, சுட்டதும் விரலை விசையிலிருந்து முழுவதும் எடுக்கும் பழக்கத்தைக் காலித் துப்பாக்கியில் பல நாள் பயில வேண்டும்.

துப்பாக்கியைப் பிரித்துத் துடைப்பது கடினமா?

பிரிப்பது எளிது, அதுவே ஓர் இன்பம். அறையும் மேகசினும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் இருமுறை பார்த்துவிட்டு, மேகசின் குழாயின் முனைக்கு அருகே உள்ள ஊசியைத் தள்ளி, அதையே பிடியாகக் கொண்டு குழாயைக் கால்சுற்றுத் திருப்பி முன்னே நகர்த்துங்கள். முன்பிடியையும் முன்னே தள்ளிவிட்டுக் குழலைக் கால்சுற்றுத் திருப்பினால் துப்பாக்கி இரண்டாகக் கழன்று கைக்கு வரும். கருவி எதுவும் வேண்டாம். பல ஆண்டுத் தேய்மானத்தால் இந்த இணைப்பு தளர்ந்தால் அதை இறுக்குவதற்கென்றே ஒரு சரிசெய்யும் வளையத்தையும் ஜான்சன் வைத்திருக்கிறார்.

என் துப்பாக்கியை முதன்முதலில் பிரித்தபோது சமையலறை மேசையில் பழைய வேட்டித் துணியை விரித்து வைத்துக்கொண்டேன். உள்ளே எண்ணெய், தேன்பாகு போல் இறுகி, பழுப்பாக, புல்விதை ஒட்டிக் கிடந்தது. கரைப்பான் தொட்ட துணியால் அரை மணி நேரம் துடைத்தபின் அடியிலிருந்த எஃகு வெளிப்பட்டது. அதில் கடைசல் கருவி ஓடிய மெல்லிய கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக அப்படியே இருந்தன.

துடைத்தபின் எண்ணெயை ஒரு மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். அதிகம் ஊற்றினால் அது ரிசீவர் வழியே கட்டைக்குள் இறங்கி மரத்தைக் கறுத்து மென்மையாக்கிவிடும். தோலுறைக்குள் நெடுநாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். ரிசீவரின் உட்பாகங்களை முழுவதும் கழற்றுவது வேறு வேலை. அதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

தேய்ந்த பூச்சைப் புதுப்பிக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. புதுப் பூச்சுக்காக எஃகைத் தேய்க்கும்போது கூரிய விளிம்புகள் மழுங்கும், பொறித்த எழுத்துகள் கரையும், விலையும் இறங்கும். நேர்மையாகத் தேய்ந்த துப்பாக்கியை அப்படியே வைத்திருங்கள்.

வேட்டைக்குப் பயன்படுத்தலாமா?

மாநில உரிமம் பெற்று, பருவத்துக்குள் பயன்படுத்தலாம். நீர்ப்பறவை உள்ளிட்ட வலசைப் பறவைகளை வேட்டையாடும்போது துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கூட்டரசு விதி. அதற்காக மேகசினுக்குள் ஒரு மரக்குச்சியைச் செருகி இடத்தைக் குறைப்பார்கள். பழைய மாடல் 12 வாங்கும்போது அந்தக் குச்சி உள்ளேயே கிடப்பதுண்டு, என்னுடையதிலும் இருந்தது. வாத்து வேட்டைக்கு 1934 முதல் வெளியிடப்படும் கூட்டரசு வாத்து முத்திரையும் வாங்க வேண்டும். அந்தப் பணம் சதுப்புநிலங்களைக் காக்கச் செல்கிறது.

ஹெச்-1பி விசாவில் இருக்கும் நான் வாங்கலாமா?

குடியுரிமை பெற்றவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் உரிமம் பெற்ற கடையில் படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தபின் வாங்கலாம். ஷாட்கன்னுக்குக் குறைந்தது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்போர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகளும் உண்டு. தவறு நேர்ந்தால் குடியேற்ற நிலையே பாதிக்கப்படும் என்பதால், ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் கடைப்பக்கம் போகாதீர்கள்.

இந்தியாவுக்குத் திரும்பும்போது கொண்டு போகலாமா?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி முன்கூட்டியே உரிமம் பெறாமல் எந்தத் துப்பாக்கியையும் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக்கும் அங்கே இடமில்லை. திரும்பிப் போவது உறுதி என்றால் இங்கேயே நல்ல கைகளில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே?

என் வீட்டிலும் இருக்கிறார்கள். துப்பாக்கி எஃகுப் பெட்டகத்தில், காலியாக, பூட்டி இருக்கும். தோட்டாக்கள் வேறோர் அறையில் வேறொரு பூட்டுக்குள் இருக்கும். இரண்டு சாவிகளும் என்னிடமும் என் மனைவியிடமும் மட்டும் இருக்கும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்ய முடியாத வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது.

முதன்முறையாக ஒரு மாடல் 12ஐச் சுடப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். ஷாட்கன்னின் ஒலி 140 டெசிபலைத் தாண்டும். பாதுகாப்பின்றிக் கேட்கும் ஒரே வெடிகூடக் காதுக்கு நிரந்தரக் கேடு செய்யலாம். தொப்பி அணியுங்கள், உடைந்த தட்டின் சில்லுகள் காற்றில் திரும்பி வருவதுண்டு. களத்தில் நடக்கும்போது முன்பிடி பின்னுக்கு இழுத்த நிலையில், அறை திறந்து, எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். குழல் எப்போதும் ஆளில்லாத பக்கத்தை நோக்கட்டும்.

மிகக் குறைந்த ஈயமுள்ள இலேசான தோட்டாக்களை வாங்குங்கள். காகிதக்கூட்டுத் தோட்டா கிடைத்தால் ஒரு பெட்டி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டபின் அந்தக் கூட்டிலிருந்து எழும் மெழுகும் மருந்தும் கலந்த மணத்தை பிளாஸ்டிக் தோட்டா தராது. கட்டையைத் தோள்குழியில் இறுக்கி, கன்னத்தை மரத்தில் பதித்து, தட்டைப் பாருங்கள். குழல் முனையிலுள்ள மணியைப் பார்க்காதீர்கள். சுட்டதும் விரலை எடுத்துவிட்டு, பிடியைச் சுவரில் மோதும் வரை இழுங்கள். வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். விரலில் ஈயம் இருக்கும்.